நிலுவையில் இரண்டு பெனால்டி

என் சித்தப்பா மத்திய அரசாங்கத்தில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றபோது, ஆபீஸிலிருந்து மூன்று சமாச்சாரங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு முதுகுவலி, எதைப் பார்த்தாலும் ‘இதுக்கு ஃபைல் எங்கே?’ என்று கேட்கும் வியாதி. கடிகாரம் ஒரே வருஷத்தில் நின்றுவிட்டது. மற்ற இரண்டும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

தில்லித் தமிழர்கள் ஓய்வு பெற்றால் காலையில் மலை மந்திருக்கு நடப்பார்கள், சாயங்காலம் தமிழ்ச் சங்கத்தில் பட்டிமன்றம் கேட்பார்கள். சித்தப்பா துவாரகாவில் ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு, இந்தியக் கால்பந்து அணியைப் படிக்க ஆரம்பித்தார். பார்க்க அல்ல, படிக்க. மேட்ச் பார்த்தால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். படித்தால் ஏறாது, முடிவு ஏற்கெனவே தெரியுமே!

இதற்காக ஒரு நீள ரெஜிஸ்டர் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். முதல் கட்டம் தேதி. அடுத்தது எதிரணி. அதற்கடுத்து கோல் கணக்கு. நான்காவது ‘சொல்லப்பட்ட காரணம்’. ஐந்தாவது ‘நிஜக் காரணம்’. ஒரு தேசத்தின் விளையாட்டு வரலாறு முழுவதும் நான்காவது கட்டத்துக்கும் ஐந்தாவது கட்டத்துக்கும் நடுவில் கிடக்கிறது என்பது அவர் கட்சி.

“ஏலே, மத்த ஊர்க்காரனுக்கு ஜெயிச்ச கதை போதும். நமக்குக் காரணம் வேணும்லா?”

இந்தப் படிப்புக்குத் தில்லியில் நிஜமாகவே ஒரு பேராசிரியர் இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நோவி கபாடியா. கல்சா கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர், கால்பந்து வர்ணனையாளர், இந்தியக் கால்பந்தின் கதையை 2017இல் புத்தகமாகவே எழுதியவர். 2021 நவம்பரில் காலமாகிவிட்டார். சித்தப்பாவுக்கு அவர்தான் மானசீக குரு. துரோணருக்கு ஏகலைவனைத் தெரியாதது போல அவருக்கும் சித்தப்பாவைத் தெரியாது. கட்டை விரல் தப்பித்தது.

ரெஜிஸ்டரின் முதல் பதிவு, 31.7.1948. லண்டன் ஒலிம்பிக்ஸ். எதிரணி பிரான்ஸ். சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கேப்டன் தாலிமெரன் ஆவ், நாகா மலைக்காரர், மருத்துவ மாணவர். அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். வெள்ளைக்காரப் பத்திரிகையாளர்கள் முகத்தைப் பார்க்காமல் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். நம் கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பவர் தவிர வேறு யாரும் மனிதர்களை அப்படிப் பார்ப்பதில்லை.

முதல் பாதியில் பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் நாம் சமன் செய்தோம். போட்டவர் பெயர் சாரங்கபாணி ராமன். பெயரைக் கேட்டால் பஞ்சாங்கம் பார்த்துவிட்டுத்தான் பந்தைத் தொடுவார் என்று தோன்றும். மைசூர்ப் பக்கத்து ஆட்டக்காரர். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோல் அவருடையது. கடைசி நிமிஷத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டது. 1–2.

நான்காவது கட்டம், சொல்லப்பட்ட காரணம்: ‘வெறுங்கால்’.

ஐந்தாவது கட்டத்தில் சித்தப்பா சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: ‘2 பெனால்டி’. அன்றைக்கு இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. ஒன்றை சைலேன் மன்னா அடித்தார், மற்றொன்றை மகாபீர் பிரசாத் அடித்தார். இரண்டும் உள்ளே போகவில்லை.

“காலுல செருப்பு இருந்துச்சா இல்லையாங்கறது அப்புறம்லே. பந்து உள்ளே போச்சா இல்லையா, அதைச் சொல்லு” என்பார். எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த இரண்டு பெனால்டியை அவர் கணக்கில் தள்ளுபடி செய்யவில்லை. ‘நிலுவை’ என்று பக்கத்தில் குறித்திருக்கிறார்.

பிறகு மன்னாவின் காலை அரண்மனையில் அரசரே பார்க்க ஆசைப்பட்டு, இரும்புக் கால்தானா என்று பேண்ட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. சித்தப்பா இதைப் பென்சிலில்தான் எழுதியிருக்கிறார். பென்சிலில் எழுதினால் ‘உறுதி செய்யப்படவில்லை’ என்று அர்த்தம்.

அடுத்த பக்கம் 1950. ஊரே அறிந்த கதை. பிரேசிலில் உலகக் கோப்பை. இந்தியா தகுதி பெற்றிருந்தது. எப்படித் தகுதி? நம் பிரிவிலிருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிக்கொண்டன. ஒரு பந்தைக்கூட உதைக்காமல் உலகக் கோப்பைக்குள் நுழைந்தோம். பந்தியில் மற்றவர்கள் எழுந்து போய்விட்டதால் கடைசி இலை நமக்குக் கிடைத்த மாதிரி. அந்த இலையிலும் உட்காரவில்லை என்பதுதான் நம் சாதனை.

டீக்கடையில் யாரைக் கேட்டாலும் காரணம் சொல்வார்கள்: ‘பூட்ஸ் போடாமல் ஆடக் கூடாதுன்னு ஃபிஃபா சொல்லிருச்சு, தன்மானத்தோட நாம போகலை’. நல்ல கதை. கட்டபொம்மன் வசனம் மாதிரி நெஞ்சை நிமிர்த்துகிறது. ஒரே குறை, நடந்தது அதுவல்ல. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அன்றைக்குச் சொன்னது இரண்டு: அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்குப் போதிய அவகாசம் இல்லை. பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்வதாகப் பிரேசில்காரர்கள் சொல்லியும் நாம் அசையவில்லை. உண்மையில் உலகக் கோப்பை என்றால் என்னவென்றே அப்போது நம்மவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை, ஒலிம்பிக்ஸ்தான் எல்லாம். கேப்டனாகப் போயிருக்க வேண்டிய மன்னாவே பிற்காலத்தில் இதைத்தான் சொன்னார். பூட்ஸ் கதை சும்மா என்றார்.

நான் முதல்முறை இதைக் கேட்டபோது எனக்குத் துக்கமாக இருந்தது. சித்தப்பாவுக்கோ பரம சந்தோஷம்.

“கருத்து வேறுபாடு, போதிய அவகாசம் இல்லை! இது யாரு எழுத்துன்னு தெரியுதாலே? இது எங்காளு எழுத்து. அண்டர் செக்ரட்டரி ஊருக்குப் போகப் பிடிக்கலைன்னா ஃபைல்ல இப்படித்தான் எழுதுவான்.”

முப்பத்தாறு வருஷம் கோப்புகளோடு வாழ்ந்தவருக்கு வரலாறு முதல்முறையாகத் தாய்மொழியில் பேசியிருக்கிறது. ஒரு தேசம் உலகக் கோப்பைக்குப் போகாதது வீரத்தால் அல்ல, அலட்சியத்தால்; வெறுங்காலால் அல்ல, வெறும் காகிதத்தால். பூட்ஸ் கதையை நாம் பிற்பாடு தைத்துக்கொண்டோம், அலட்சியத்தின் காலுக்கு அளவாக.

1951 பக்கம் மட்டும் அவர் ரெஜிஸ்டரில் மஞ்சள் குங்குமம் வைத்திருக்கும். முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி, மார்ச் மாதம், நம் தில்லியில். இந்தியா கேட்டுக்கு எதிரே இருக்கும் நேஷனல் ஸ்டேடியத்தில். கால்பந்தில் ஆறே அணிகள். இந்தோனேசியாவை 3–0, ஆப்கானிஸ்தானை 3–0, இறுதியில் ஈரானை 1–0. அந்த ஒரு கோலைப் போட்டவர் சாஹு மேவாலால். தங்கம். நான்காவது, ஐந்தாவது கட்டங்களில் ஒரே கோடு இழுத்து ‘கோப்பு முடிக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறார். அந்த மைதானம் இன்று ஹாக்கி மந்திரவாதி தியான் சந்த் பெயரில் இருக்கிறது. கால்பந்துத் தங்கம் வாங்கிய மண்ணில் ஹாக்கிக்காகச் செயற்கைப் புல் விரித்திருக்கிறார்கள். தில்லியில் இது புதிதல்ல. ஒரு வம்சம் கட்டியதன் மேல்தான் அடுத்த வம்சம் கட்டும்.

குங்குமம் காய்வதற்குள் 1952. ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ், யூகோஸ்லாவியா. 1–10.

சொல்லப்பட்ட காரணம்: குளிர், வெறுங்கால். நிஜக் காரணம்: யூகோஸ்லாவியா. அந்த அணி அந்த ஒலிம்பிக்ஸில் வெள்ளி வாங்கிய அணி. நாம் பூட்ஸ் போட்டிருந்தாலும் பத்து எட்டாகியிருக்கலாம், அவ்வளவுதான். இதற்குப் பிறகுதான் நம் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆனால் நமஸ்காரம் பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1956 மெல்போர்னில் ஹங்கேரி வராததால் முதல் சுற்றைத் தாண்டினோம் (மறுபடியும் காலி இலை!), அடுத்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4–2 என்று சாத்தினோம். நெவில் டிசோசா மூன்று கோல். ஒலிம்பிக்ஸில் ஹாட்ரிக் போட்ட முதல் ஆசியர் அவர். அரையிறுதியில் மறுபடி அதே யூகோஸ்லாவியா. முதல் கோல் நெவிலுடையது! கொஞ்ச நேரம் ஊர் உலகமே தலைகீழாக நின்றது. அப்புறம் நேராகிவிட்டது. 1–4. கடைசியில் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம்.

சித்தப்பா இதில் ஒரு கணிதம் கண்டுபிடித்திருக்கிறார். “அம்பத்திரண்டுல பத்து வாங்கினோம். அம்பத்தாறுல நாலு. நாலு வருஷத்துக்கு ஆறு குறையுது. அப்ப அறுபதுல மைனஸ் ரெண்டு. அவன்தான் நமக்கு ரெண்டு கோல் குடுத்திருக்கணும்.” சரிபார்க்க வாய்ப்பே வரவில்லை. 1960 ரோமில் யூகோஸ்லாவியா நம் பிரிவில் இல்லை. வேறு பக்கமாக ஆடித் தங்கத்தையே வாங்கிக்கொண்டு போய்விட்டது. பயந்துவிட்டார்கள் என்பது சித்தப்பாவின் துணிபு.

1962 ஜகார்த்தாவைப் படிக்கும்போது மட்டும் அவர் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்காருவார். அங்கே இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா மறுத்தது. அப்படியானால் இதற்கு ஆசிய விளையாட்டு என்ற பெயரே பொருந்தாது என்று ஒருவர் கொடி பிடித்தார். அவர் ஜி.டி. சோந்தி, இந்தியர். ஆசிய விளையாட்டுப் போட்டி என்ற யோசனையையே பெற்றெடுத்தவர். பிள்ளை பெற்றவரே பிறப்புச் சான்றிதழைக் கிழித்தால் ஊர் சும்மா இருக்குமா? இந்தியத் தூதரகத்தின் மேல் கல் விழுந்தது. சோந்தி ஜகார்த்தாவை விட்டுக் கிளம்பினார். வசவுகளை வாங்கிக்கொள்ள மிஞ்சியது கால்பந்து அணி.

அணியின் நிலைமையோ தர்ம ஆஸ்பத்திரி வராந்தா. பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம், ஹைதராபாத் பள்ளி ஆசிரியர், புற்றுநோயோடு வந்திருந்தார். தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்த ஆறடிக்கு மேற்பட்ட ஆள், காய்ச்சலில் படுத்திருந்தார். ரஹீம் வாத்தியார் என்ன செய்தார்? தலையில் தையல் போட்டவரைத் தற்காப்பிலிருந்து தூக்கித் தாக்குதலில் போட்டார். காய்ச்சல்காரரை இறுதி ஆட்டத்தில் கோலில் நிறுத்தினார். செப்டம்பர் 4, எதிரணி தென் கொரியா; முதல் சுற்றில் நம்மை 2–0 என்று வென்ற அதே அணி. ஏறத்தாழ லட்சம் பேர் இந்தியாவைக் கூவித் தீர்த்தார்கள். நமக்காகக் கைதட்டியது பாகிஸ்தான் ஹாக்கி அணி என்று அன்றைய ஆட்டக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். பி.கே. பானர்ஜி ஒன்று, தையல் போட்ட தலையோடு ஜர்னைல் ஒன்று. 2–1. தங்கம்.

ரஹீம் அடுத்த ஜூனில் இறந்துபோனார். அந்த வரிக்கு எதிரே எந்தக் கட்டத்திலும் சித்தப்பா எதுவும் எழுதவில்லை.

1970இல் ஒரு வெண்கலம். அதற்கப்புறம் ரெஜிஸ்டர் வேகமாகப் புரளும். 1982இல் ஆசிய விளையாட்டு மறுபடி தில்லிக்கு வந்தது. அப்பு யானை வந்தது, கலர் டிவி வந்தது, மேம்பாலம் வந்தது, ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் வந்தது. பதக்கம் வரவில்லை. காலிறுதியில் சவுதி அரேபியா கடைசி நிமிஷங்களில் ஒரு கோல் போட்டு முடித்தது. உலகத் தரவரிசையில் நாம் ஏறிய உச்சம் 1996 பிப்ரவரியில் 94. 2015 மார்ச்சில் 173. “இதுக்கு மேல இறங்கினா நாட்டுக்குப் பஞ்சமாயிரும்லே” என்றார் சித்தப்பா. தரவரிசையில் இருப்பவையே இருநூற்றுச் சொச்சம் அணிகள்தான்.

ஆனாலும் தில்லிக்கு ஒரு சின்ன வசந்தம் வாய்த்தது. தில்லி கேட் பக்கத்தில் அம்பேத்கர் ஸ்டேடியம். 2007இல் அங்கே சிரியாவை 1–0 என வென்று நேரு கோப்பை. 2008இல் அங்கேயே தஜிகிஸ்தானை 4–1. பள்ளிக்கூடக் காலத்திலேயே தில்லியில் ஆடிப் பழகிய சுனில் சேத்ரி மூன்று கோல். அந்த வெற்றியால் இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு ஆசியக் கோப்பைக்குப் போய், 2011இல் தோஹாவில் மூன்று ஆட்டத்தில் பதின்மூன்று கோல் வாங்கித் திரும்பினோம். விருந்துக்குக் கூப்பிட்டால் வஞ்சனை இல்லாமல் வாங்கிக்கொள்வது நம் பண்பாடு.

2009 ஆகஸ்ட் 31, நேரு கோப்பை இறுதி ஆட்டத்துக்குச் சித்தப்பாவை வற்புறுத்தி அழைத்துப் போனேன். மறுபடி சிரியா. வாசலில் கரி அடுப்பில் சுட்ட சோளக்கதிர், எலுமிச்சை மூடியில் காலா நமக் தோய்த்துத் தேய்த்துத் தருவார்கள். சித்தப்பா கதிரைக் கடிக்காமல் மைக் மாதிரி பிடித்துக்கொண்டே ஆட்டம் முழுக்க உட்கார்ந்திருந்தார். கூடுதல் நேரத்தில் ரெனடி சிங் ஃப்ரீ கிக்கில் ஒரு கோல். மைதானம் எழுந்தது. சித்தப்பா எழவில்லை. “இன்னும் நேரம் இருக்குலே” என்றார். சொல்லி வாய் மூடவில்லை, கடைசி மூச்சில் சிரியா சமன் செய்தது. நாற்பதாயிரம் வார்த்தை படித்தவன் போல என்னைப் பார்த்தார். அப்புறம் பெனால்டி. அவர் கண்ணை மூடிக்கொண்டார். சுப்ரதா பால் பாய்ந்து பாய்ந்து தடுத்தார். ஜெயித்தோம். கண்ணைத் திறந்து சித்தப்பா கேட்ட முதல் கேள்வி: “நம்மாளு எத்தனை பெனால்டி உள்ளே போட்டான்?”

“அஞ்சு, சித்தப்பா.”

“அதுல ரெண்டை நாற்பத்தெட்டுல போட்டிருக்கலாம்.”

சமீபத்திய பக்கங்களில் நான்காவது கட்டத்துக்கும் ஐந்தாவது கட்டத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. 2022இல் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின்போது, அப்போதைய பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் ஆட்டக்காரர் பட்டியலை ஒரு ஜோசியருக்கு அனுப்பி ராசிபலன் கேட்டார் என்று மறுவருஷம் நாளிதழில் விலாவாரியாக வந்தது. குரோஷியாக்காரரை நாம் மாற்றினோமே தவிர, அவர் நம்மை மாற்றவில்லை. 2024 ஜூனில் கத்தாரில், பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போய்த் திரும்பி வந்து, அதை அவர்கள் கோலாக்கி, நடுவரும் ஒப்புக்கொண்டு, நாம் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறினோம். இதற்குச் ‘சொல்லப்பட்ட காரணம்: அநியாயம். நிஜக் காரணம்: அநியாயம்’ என்று எழுதியிருக்கிறார். ரெஜிஸ்டரில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போன ஒரே இடம். 2025 ஜூலையில் ஸ்பெயின் ஜாம்பவான்கள் கார்டியோலாவும் சாவியும் இந்தியப் பயிற்சியாளர் வேலைக்கு விண்ணப்பித்ததாக மின்னஞ்சல் வந்து, பிறகு அவை நம்பத் தகுந்தவை அல்ல என்று சம்மேளனமே அறிவித்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0–1.

அந்த வாரம்தான் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். “வியாழக்கிழமை லீவு போடு. கோட்லாவுக்குப் போறோம்.”

“கிரிக்கெட்டுக்கா?”

“வாயைக் கழுவுலே.”

அம்பேத்கர் ஸ்டேடியத்துக்கும் கிரிக்கெட் மைதானத்துக்கும் பக்கத்தில் ஒரு பாழடைந்த கோட்டை இருக்கிறது. ஃபிரோஸ் ஷா கோட்லா. கட்டியவர் துக்ளக், சோ நாடகத்து துக்ளக் அல்ல, அவருக்குப் பின் வந்த ஒன்றுவிட்ட சகோதரர். அசோகர் காலத்துக் கல்தூண் ஒன்று நாற்பது அடிக்கு மேல் உயரம், தோப்ரா என்ற ஊரில் நின்றது. அதன் மேல் இவருக்கு ஆசை. இலவம்பஞ்சு மெத்தையில் படுக்கவைத்து, நாற்பத்திரண்டு சக்கர வண்டியில் ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் இருநூறு ஆள் கயிறு இழுத்து, யமுனையில் படகுகளைப் பிணைத்து மிதக்கவிட்டு, தில்லிக்குக் கொண்டுவந்து கோட்டை உச்சியில் நட்டார்.

சித்தப்பா அண்ணாந்து பார்த்தார். “பதினாலாம் நூற்றாண்டுல ஒரு கல்லை இவ்வளவு தூரம் கொண்டாந்திருக்கான். நம்மால அம்பதுல ஒரு டீமைக் கப்பல்ல ஏத்த முடியல.”

அந்தக் கோட்டையில் ஜின்கள் வாழ்வதாக நம்பிக்கை. வியாழன்தோறும் ஜனங்கள் வருவார்கள். நிலவறை மாடங்களில் ஊதுவத்தி, அகல் விளக்கு, புகைக்கரி படிந்த சுவர். ஜின்களிடம் வேண்டுதலை வாயால் சொல்வதில்லை. எழுதிக் கொடுக்க வேண்டும். முழு விலாசத்தோடு. ஒரே மனுவை ஜெராக்ஸ் எடுத்துப் பல மாடங்களில் வைப்பவர்கள் உண்டு, எந்த ஜின்னிடம் எந்தத் துறை என்று தெரியாதே! சித்தப்பா சுற்றிப் பார்த்து உருகிப்போனார். ஆயுள் முழுக்கத் தேடிய செக்ரட்டேரியட் இதுதான் என்று அவர் முகம் சொன்னது.

பையிலிருந்து தாள்களை எடுத்தார். பச்சை நூலில் டேக் போட்டிருந்தது. உலகக் கோப்பையைத்தான் கேட்கப்போகிறார் என்று எட்டிப் பார்த்தேன்.

பொருள்: நிலுவையை விடுவிக்கக் கோருதல்.

பார்வை: லண்டன், 31.7.1948.

‘மேற்படி தேதியில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவுக்கு அனுமதிக்கப்பட்ட இரண்டு பெனால்டிகள் இதுநாள்வரை கோலாக வரவு வைக்கப்படவில்லை. உலகக் கோப்பை முதலிய புதிய கோரிக்கைகள் எதுவும் இப்போது இல்லை. பழைய பாக்கியை மட்டும் வட்டியில்லாமல் வழங்கி உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

கீழே கையெழுத்து, துவாரகா விலாசம், ஃபிளாட் நம்பர், ‘லிஃப்ட் வேலை செய்யாது, படியில் வரவும்’ என்ற குறிப்பு.

ஐந்து மாடங்களில் ஐந்து பிரதி வைத்தார். ஆறாவது பிரதியைச் சுவரோரம் இருந்த ஒரு பொந்தில் திணித்தார். எதற்கு என்று எடுத்துப் பார்த்தேன். அடியில் எழுதியிருந்தது:

‘நகல்: பக்கத்துக் கிரிக்கெட் மைதானம் - தகவலுக்காக மட்டும்.’